கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்தைப் புக் செய்வதா, ஊருக்கு வந்து ஏஜென்டிடம் சொல்வதா?

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து நான்கு இரவு கப்பல் பயணம் போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா. பினாங்கு, புக்கெட் போய்விட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும். எங்களுக்கு இதுதான் முதல் கப்பல். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் கோவையில் எங்கள் குடும்பத்துக்குப் பல வருடமாகப் பழக்கமான ஏஜென்ட். அப்பா அம்மாவின் காசி யாத்திரையிலிருந்து தங்கை குடும்பத்தின் தாய்லாந்துப் பயணம் வரை எல்லாம் அவர் கைவழியாகத்தான் நடந்தது.

இப்போது விஷயம் என்னவென்றால், ஆபீஸில் ஒருவர், "கப்பலுக்குள்ளேயே அடுத்த பயணத்துக்குப் புக் செய்கிற கவுண்டர் இருக்கும், அங்கே போட்டால் முன்பணம் குறைவு, அதற்கு மேல் கப்பலில் செலவு செய்ய கிரெடிட்டும் தருவார்கள், ஊருக்கு வந்தால் அந்தச் சலுகை கிடைக்காது, விட்டுவிடாதே" என்று நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

எங்களுக்கு அடுத்த பயணம் எது என்பதில் சந்தேகமே இல்லை, அலாஸ்காதான். அப்பா 31 வருடம் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். பனியாறு என்றால் என்ன, அது பள்ளத்தாக்கை எப்படிக் குடைகிறது என்று கரும்பலகையில் படம் போட்டுப் போட்டுச் சொல்லிக் கொடுத்தவர், ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. வயது 68, முழங்கால் வலி ஆரம்பித்துவிட்டது. இரண்டு வருடத்துக்குள் கூட்டிப் போய்விட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கப்பலில் போட்டால் உண்மையிலேயே குறைவா? எங்கள் ஏஜென்டைத் தாண்டி நேராகப் போட்டுவிட்டால் இத்தனை வருடம் பார்த்துச் செய்த மனுஷனுக்கு அது வருத்தமாக இருக்காதா? அப்புறம், அமெரிக்க விசா, கனடா விசா எதுவுமே கையில் இல்லை, அது இல்லாமல் முன்பணம் கட்டலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்வாசி:

சிங்கப்பூரிலேயே இருப்பதால் ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு பயணம் கப்பலில் இருக்கும்போதே போட்டவை. உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது பாதி சரி.

டிக்கெட் விலை என்று பார்த்தால் கவுண்டரில் சொல்வதும் அதே நாளில் கம்பெனி இணையதளத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். எனக்கு இரண்டு முறையும் ஒரு டாலர்கூட வித்தியாசமில்லை. வித்தியாசம் வருவது முன்பணத்திலும் கிரெடிட்டிலும்தான். அந்தக் கிரெடிட் பணமாகக் கைக்கு வராது. அடுத்த பயணத்தில் கப்பல் கணக்கில் ஏறும், கரையில் சுற்றிப் பார்ப்பதற்கோ கப்பல் கடையிலோ தனிக்கட்டண உணவகத்திலோ செலவு செய்யலாம், பல கம்பெனிகளில் ஊழியர் டிப்ஸுக்கும் அதில் கழித்துக்கொள்வார்கள். டிப்ஸே பல கப்பல்களில் தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை வரும், நான்கு பேருக்கு ஏழு நாள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அதனால் கிரெடிட்டை அற்பமாக நினைக்க வேண்டாம். ஆனால் பெரும்பாலும், செலவழிக்காமல் மிச்சம் வைத்தால் பயணம் முடிகிற அன்று போய்விடும்.

இன்னொரு வழியும் உண்டு. சில கம்பெனிகளில் எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று சொல்லாமலேயே தலைக்கு 100 டாலர் போல ஒரு தொகை கட்டி வைக்கலாம், குறிப்பிட்ட காலத்துக்குள் எந்தப் பயணத்துக்கும் அதை முன்பணமாகக் கழித்துக்கொள்ளலாம். முடிவு செய்யாதவர்களுக்கு நல்லது. ஆனால் பயன்படுத்தாவிட்டால் திரும்பி வருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கவுண்டருக்கு எப்போது போவது என்பது முக்கியம். எல்லோரும் கடைசி நாள்தான் போவார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் போனேன், எனக்கு முன்னால் பதினைந்து பேர். என் முறை வந்தபோது அந்தப் பெண் டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, மளமளவென்று நான்கு திரையைத் தள்ளி, கையெழுத்துக்குக் கட்டத்தைக் காட்டினாள், நானும் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைப் பார்த்தால்தான் அறை கப்பலின் உயிர்காப்புப் படகுகளுக்குப் பின்னால் இருக்கிறது, ஜன்னலில் கடல் தெரியாது என்று புரிந்தது. மாற்றிக் கொடுத்தார்கள், அது வேறு விஷயம். இரண்டாம் முறை முதல் நாள் சாயங்காலமே போய் உட்கார்ந்தேன், முக்கால் மணி நேரம் ஆற அமரப் பேசினார்கள். உங்களுக்கு நான்கு இரவுதான், முதல் நாளே நேரம் வாங்கிவிடுங்கள்.

ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் கிளம்பினால் நீங்கள் நாட்டை விட்டுப் போனதாகத்தான் கணக்கு, திரும்பி வருவது இரண்டாவது நுழைவு.

வைகைக்கரை:

சகோதரரே, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நாங்கள் பணத்தை விட்டோம்.

ஒரு பயணத்தில் இருந்தபோதே பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் மத்தியதரைக்கடல் பயணத்தைப் போட்டோம். நான், கணவர், மாமியார். தலைக்கு 250 டாலர், மொத்தம் 750. பயணத்துக்கு இன்னும் 14 மாதம் இருந்தது. அதற்குத் தேவையான ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கோ பயணத் தேதிக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பமே கொடுக்க முடியாது. அதாவது பணம் கட்டி எட்டு மாதம் சும்மா காத்திருந்துதான் விசா வரிசைக்கே போனோம். எங்கள் இருவருக்கும் கிடைத்தது, மாமியாருக்கு மறுத்துவிட்டார்கள். எழுபது வயதில் அவர்களைத் தனியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் போக மனசு வரவில்லை, ரத்து செய்தோம். முன்பணம் முழுவதும் போய்விட்டது.

விசா மறுப்பு என்று கடிதத்தோடு எழுதினேன், கெஞ்சியும் பார்த்தேன். நீங்கள் எடுத்தது திருப்பித் தராத முன்பணத் திட்டம், காரணம் எதுவானாலும் தர முடியாது என்று பதில். கவுண்டரில் இருந்தவர் அந்த வார்த்தையைச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை, தாளில் இருந்தது உண்மை. விலை கொஞ்சம் குறைவாகக் காட்டுகிறதே என்று அதைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். திருப்பித் தரும் முன்பணத்தோடு அதே அறைக்கு இன்னொரு விலையும் இருந்திருக்கிறது, சற்றுக் கூடுதல், அதைப் பற்றி நாங்கள் கேட்கவே இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தள்ளுபடி எவ்வளவு, கிரெடிட் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். பணம் திரும்புமா, எந்தத் தேதி வரை திரும்பும், எழுத்தில் எங்கே இருக்கிறது, இதை அப்பா அம்மாவுக்கும் சேர்த்துக் கேளுங்கள். நான்கு பேர் போகிற இடத்தில் ஒருவருக்கு மறுத்தாலும் நான்கு பேரும்தான் நிற்பீர்கள்.

மலைக்கோட்டை டிராவல்ஸ்காரர்:

திருச்சியில் 19 வருடமாக இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்தபோது சந்தோஷமாக இருந்தது, இப்படி நினைக்கிறவர்கள் குறைவு. ஆனால் இதில் இவரா அவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய கப்பல் கம்பெனிகள் பெரும்பாலானவற்றில், கப்பலில் நீங்கள் புக் செய்யும்போதே அதை உங்கள் ஏஜென்ட் பெயரில் போடச் சொல்லலாம். இப்போது போகிற பயணமே அவர் மூலம் எடுத்தது என்றால் அவர் விவரம் அவர்கள் கணினியில் ஏற்கனவே இருக்கும், "இதையும் அவர் பெயரிலேயே போடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கப்பல் சலுகை உங்களுக்கு, கமிஷன் அவருக்கு. கமிஷனை உங்களிடமிருந்து கூடுதலாக வாங்குவதில்லை, கம்பெனி தன் டிக்கெட் விலையிலிருந்து கொடுக்கிறது. உலக அளவில் அது சுமார் 10 முதல் 16 சதவீதம், துறைமுகக் கட்டணம், வரி போன்றவற்றுக்குக் கமிஷன் கிடையாது. ஏஜென்டை விட்டு நேராகப் போட்டால் அந்தத் தொகை உங்களுக்குத் தள்ளுபடியாக வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி வருவதில்லை.

மறந்து நேராகப் போட்டுவிட்டாலும், குறிப்பிட்ட நாட்களுக்குள் ஏஜென்டுக்கு மாற்றித் தரும் வசதி பல கம்பெனிகளில் உண்டு, முழுப் பணமும் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏஜென்ட் பெயருக்குப் போன பிறகு எந்த மாற்றம் வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான் கேட்க வேண்டும். நீங்களே கம்பெனிக்குப் போன் செய்தால் ஏஜென்டிடம் பேசுங்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஏஜென்ட் போனை எடுக்கிறவராக இருந்தால் இது வரம், எடுக்காதவராக இருந்தால் தலைவலி. உங்களவர் காசி யாத்திரைக் காலத்திலிருந்து பார்த்துச் செய்தவர் என்கிறீர்கள், அவரைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

பணம் கட்டுவதிலும் கணக்கு இருக்கிறது. கப்பலில் கார்டில் டாலராகக் கட்டினால் பல இந்திய வங்கிக் கார்டுகள் 3.5 சதவீதம் வரை அந்நிய நாணயக் கட்டணம் பிடிக்கும். இங்கே எங்களிடம் வெளிநாட்டுப் பயணத் தொகுப்பாக எடுத்தால் டிசிஎஸ், அதாவது விற்கிறவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டுகிற வரி, பிடித்துத்தான் ஆக வேண்டும், அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். முன்பணம் அங்கே, மீதி இங்கே என்று கட்டப்போகிறீர்கள் என்றால் முதலிலேயே ஏஜென்டிடம் கேட்டுவிடுங்கள்.

இப்போது அலாஸ்காவுக்கு வருகிறேன். இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கப்பல் கவுண்டரில் அவர்கள் கம்பெனிக் கப்பல்களை மட்டும்தான் விற்பார்கள். உங்கள் அப்பாவுக்குப் பனியாறு பார்க்க வேண்டும், சரி, எந்தப் பனியாறு? கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய சொகுசுக் கப்பல்களுக்குத்தான் அனுமதி. ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் கப்பல்கள்தான் அங்கே அதிகம் போகின்றன. மற்றவை ஹப்பார்ட் பனியாறு, எண்டிகாட் ஆர்ம் என்று வேறு இடங்களுக்குப் போகும். அந்த இடங்களும் அருமையானவைதான். ஆனால் கவுண்டரில் அலாஸ்கா என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டி, பிறகு நாங்கள் நினைத்த இடம் இதில் இல்லையே என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள். அந்த இடத்துக்கு இந்தக் கம்பெனி போகிறது என்றால் கப்பலில் போடுங்கள், போகவில்லை என்றால் எத்தனை கிரெடிட் கொடுத்தாலும் வேண்டாம்.

விசா இரண்டும் வேண்டும். சியாட்டிலில் ஏறிச் சியாட்டிலில் இறங்கினாலும் கனடா விசா தேவைப்படும். 1886-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது, வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. அதனால் அந்தக் கப்பல்கள் வழியில் ஒரு கனடா துறைமுகத்தைத் தொட்டுவிட்டு வரும், பெரும்பாலும் விக்டோரியா. சில மணி நேரம் நிற்கிற ஊருக்காகக் கனடா விசாவா என்று கேட்பார்கள், ஆமாம், இல்லாவிட்டால் சியாட்டிலிலேயே ஏற்றமாட்டார்கள்.

எடிசன்வாசி:

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். மேலே அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், போட்ட பிறகு விலை இறங்கினால் என்ன செய்வது என்று.

இங்கே ஏழு இரவுப் பயணங்களுக்கு மீதிப் பணம் பெரும்பாலும் 90 நாளுக்கு முன்னால் கட்ட வேண்டும். அந்தத் தேதி வரை விலை இறங்கினால் புது விலைக்கு மாற்றிக் கேட்கலாம், பல கம்பெனிகள் செய்து தருகின்றன. கம்பெனி தானாக உங்களுக்குச் சொல்லாது, யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போன கோடையில் அலாஸ்கா போனோம், கப்பலில் போட்ட டிக்கெட்தான். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து விலையைப் பார்ப்பேன். ஐந்தாவது மாதம் எங்கள் பால்கனி அறை தலைக்கு 180 டாலர் இறங்கியிருந்தது. உடனே ஏஜென்டுக்குச் செய்தி போட்டேன், அன்றே மாற்றிக் கொடுத்தார். ஆனால் மாற்றும்போது கப்பலில் கொடுத்த கிரெடிட் நிற்குமா என்று முதலில் கேட்டுக்கொண்டோம். சில நேரம் புது விலைக்குப் போனால் பழைய சலுகை கழன்றுவிடும், இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

என்னுடைய விலையை வைத்து ஊரில் கணக்குப் போடாதீர்கள். நாம் வசிக்கிற நாட்டைப் பொறுத்து விலையும் ரத்து நிபந்தனையும் மாறும். இங்கே சில ஏஜென்டுகள் தங்கள் கமிஷனில் ஒரு பகுதியைக் கூடுதல் கிரெடிட்டாகக் கொடுப்பார்கள், அங்கே அந்த வழக்கம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

அப்பாவின் முழங்காலுக்காக ஒன்று: ஒரு நாள் முன்னதாகவே கப்பல் கிளம்பும் ஊருக்கு வந்துவிடுங்கள். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது, எங்காவது மாறித்தான் வர வேண்டும். தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

பொள்ளாச்சிக்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. போய்விட்டு வந்து எழுதுகிறேன் என்று அப்போதே நினைத்தேன், நேற்று இரவுதான் வீடு வந்து சேர்ந்தோம்.

கிளம்புவதற்கு முன்பே கோவை ஏஜென்டிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, தன் ஏஜென்சி எண்ணை ஒரு விசிட்டிங் கார்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, "என்ன போட்டாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்றார்.

முதல் நாள் சாயங்காலம் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கவுண்டருக்குப் போனேன். கிளேசியர் பே இருக்கிறதா என்று கேட்டேன், எங்கள் கம்பெனிக் கப்பல் உள்ளே போகாது என்று அங்கே இருந்த பெண் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது, எழுந்திருக்கலாம் என்று பார்த்தேன். அப்போது அவர் வரைபடத்தைத் திருப்பி, கனடாவின் வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்டில் இறங்குகிற ஏழு இரவுப் பயணத்தில் ஹப்பார்ட் வரும் என்று காட்டினார். அப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை அந்த விரிகுடா மேல் வைத்தார். "இது 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம். மற்றதில் பெரும்பாலானவை பின்வாங்கிக்கொண்டிருக்கும்போது இது இன்னும் முன்னால் வந்துகொண்டிருக்கிற பனியாறு. இதைப் பார்த்தால் போதும்" என்றார். பள்ளிக்கூடத்தில் பேசுகிற அதே குரல், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்புறம் வைகைக்கரை அக்கா சொன்ன கேள்வி. திருப்பித் தரும் முன்பணத்தோடு என்ன விலை என்று கேட்டேன், இன்னொரு திரை வந்தது. நான்கு பேருக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடுதல்தான், அதையே எடுத்தோம். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி வரை ரத்து செய்தால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரியைக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினேன். கப்பல் வைஃபையில் போய்ச் சேரப் பத்து நிமிடம் ஆனது. "சரி, போடுங்கள்" என்று பதில் வந்த பிறகுதான் கையெழுத்து. அவர் பெயரிலேயே போட்டாயிற்று, கிரெடிட்டும் வந்துவிட்டது. இறங்குகிற சீவர்டிலிருந்து ஆங்கரேஜுக்கு ரயிலா பஸ்ஸா என்பதை அவர் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

திருச்சி அண்ணாவிடம் ஒரே ஒரு கேள்வி: அமெரிக்க விசா முதலிலா, கனடா முதலிலா?

மலைக்கோட்டை டிராவல்ஸ்காரர்:

அமெரிக்கா முதலில், தம்பி. சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி கிடைக்கத்தான் நாளாகும், இந்த வாரமே விண்ணப்பத்தை நிரப்புங்கள், நான்கு பேரையும் ஒரே குழுவாகப் போடுங்கள். அது கையில் வந்ததும் கனடாவுக்குக் கைரேகை கொடுத்துவிடலாம். மீதிப் பணம் கட்டும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு வட்டம் போட்டு வையுங்கள். அதற்குள் இரண்டு விசாவும் வரவில்லை என்றால் உங்கள் ஏஜென்டுக்குப் போன் செய்து தேதியை மாற்ற முடியுமா என்று பேசுங்கள். அப்பாவிடம் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.